தவளைக்கு ஓவர்டைம்: கெரோ பிளாஸ்டரை மறுபடி விளையாடியபோது

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும், நடுவில் கேட்ட குக்கர் விசிலையும் மட்டும் எடுத்திருக்கிறோம்.)

இந்த வாரம் புது கேம் எதுவும் இல்லை. 2014-ல் வந்த ஒரு குட்டி கேமைப் பத்திப் பேசப் போறேன். பேர் கெரோ பிளாஸ்டர். அதில் ஒரு தவளை. ரெண்டு காலில் நிற்கும், கையில் துப்பாக்கி வைத்திருக்கும், இடமிருந்து வலமாகப் போகும், எதிரில் வருவதையெல்லாம் சுடும். வழி நெடுக விழும் காசைப் பொறுக்கும். லெவல் முடிவில் ஒரு பெரிய எதிரி. அவ்வளவுதான். நிதானமாக விளையாடினாலும் 3 மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும்.

இதுக்கு ஒரு முழு எபிசோடா என்று கேட்டால், காரணம் இருக்கு. இந்த கேமைப் பத்தி நான் அப்போது ஒரு தீர்ப்பு சொன்னேன். தப்பான தீர்ப்பு. சொன்னதோட நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அதே அளவுகோலை வைத்து ஒரு நண்பனோட சேர்ந்து செய்த வேலையையும் கெடுத்தேன். அதுக்கு அப்புறம் வரேன்.

முதலில், இதைச் செய்தவர் யார் என்று சொல்லிடறேன். டைசுகே அமாயா. ஜப்பான்காரர். ‘பிக்சல்’ என்ற பேரில்தான் கேம் உலகத்துக்குத் தெரியும். 2004 டிசம்பரில் இவர் கேவ் ஸ்டோரி என்று ஒரு கேமை இலவசமாக இணையத்தில் விட்டார். ஓய்வு நேரத்தில், 5 வருஷம், தனி ஆளாகச் செய்தது. கோடு அவர், படம் அவர், கதை அவர், இசையும் அவர். இசையமைக்க ஒரு மென்பொருள் தேவைப்பட்டது, அதையும் அவரே எழுதிக்கொண்டார். வந்தபோது ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருந்தது. ஏயான் ஜெனிசிஸ் என்ற ரசிகர் குழு அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது, அப்புறம்தான் மற்ற நாட்டு ஆட்கள் கைக்கு வந்தது. இன்றைக்கு ‘இண்டி கேம்’ என்று நாம் சொல்கிற வகைக்கே ஒரு அண்ணன் மாதிரி அது. பெரிய வரைபடம், ரகசிய அறைகள், நீங்க யாரைக் காப்பாத்தினீங்க, யாரை விட்டுட்டு வந்தீங்க என்பதைப் பொறுத்து 3 விதமான முடிவுகள்.

அப்படிப்பட்ட ஆள் பத்து வருஷம் கழித்து, 2014 மே 11 அன்று, கணினிக்கும் ஐபோனுக்கும் சேர்த்துக் கொண்டுவந்த கேம்தான் கெரோ பிளாஸ்டர். நடுவில் சும்மா இருந்தார் என்று இல்லை. ஆனால் ரசிகர்கள் ‘அடுத்த கேவ் ஸ்டோரி’ என்று காத்திருந்தது இதற்குத்தான். இந்த எதிர்பார்ப்பை ஞாபகம் வெச்சுக்கோங்க.

பேரைப் பத்தி ஒரு சின்ன விஷயம். முதலில் அறிவித்தபோது பேர் வேறு. ‘கெரோ’ என்பதில் முதல் எழுத்தை, ‘கௌதம்’ என்று சொல்லும்போது வருகிற ‘க’ மாதிரி அழுத்திச் சொல்லணும். ஜப்பானில் தவளை கத்துவதை அப்படியும் சொல்வார்களாம், ‘கல்’லில் வருகிற ‘க’ போட்டும் சொல்வார்களாம். ஆனால் அழுத்திச் சொன்னால் அதற்கு வாந்தி என்றும் ஒரு அர்த்தம் உண்டு. கடைசியில் மெல்லிய ‘க’வுக்கு மாற்றிவிட்டார்கள். இதைக் காதால் கேட்கிறவர்களுக்குப் புரியும். எழுத்தில் வாசிக்கிறவர்கள் மன்னிக்கணும், தமிழில் ரெண்டும் ஒரே எழுத்துதான்.

சரி, 2014. நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஹாஸ்டல். என் ரூம்மேட்டும் நானும் கேவ் ஸ்டோரி பைத்தியங்கள். அவன் படம் வரைவான், நான் கோடு அடிப்பேன், ரெண்டு பேரும் சேர்ந்து எப்பவோ ஒரு கேம் பண்ணப்போறோம் என்று ஒரு நோட்டு வைத்திருந்தோம். ஆளுக்குப் பாதிக் காசு போட்டு கெரோ பிளாஸ்டரை வாங்கினோம். ராத்திரி மெஸ் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தோம். பன்னிரண்டு மணிக்கு முன்னாடி பெயர்ப்பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது.

‘மச்சான், முடிஞ்சிருச்சாடா?’ என்று நான் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கு. அவன் சிரித்தான். அவனுக்குப் பிடித்திருந்தது. எனக்கு ஏமாற்றம். உடனே போட்ட காசை மணிக்கணக்கால் வகுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு ரூபாய். கேவ் ஸ்டோரி இலவசம், அதில் எத்தனை நாள் கிடந்தோம். இது காசு வாங்கிட்டு 3 மணி நேரம். ‘மனுஷன் சோம்பேறி ஆயிட்டாரு’ என்று தீர்ப்பு சொல்லிட்டுப் படுத்துட்டேன்.

அந்தக் கணக்கு அந்த வயசுக்குத் தப்பில்லை என்றுதான் இப்பவும் நினைக்கிறேன். ஹாஸ்டல் பையனிடம் நேரம் கொட்டிக் கிடக்கும், காசு இருக்காது. அவனுக்கு 100 மணி நேரம் ஓடும் கேம்தான் லாபம். இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற காலேஜ் மக்கள் யாராவது அப்படிக் கணக்குப் பார்த்தால் நான் கிண்டல் பண்ண மாட்டேன். என் தப்பு வேற இடத்துல. காசுக்குப் போட்ட கணக்கை வேலைக்கும் போட்டேன். சின்னதாக இருந்தால் உழைக்கவில்லை என்று அர்த்தம் பண்ணிக்கிட்டேன்.

இப்ப இந்த வருஷத்துக்கு வருவோம். எங்க டீமில் ஒரு வேலை மூணு மாசம் இழுத்தது. எந்த கம்பெனி என்றெல்லாம் வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்கு ‘ஒரு சின்ன கால்’ என்று மெசேஜ் வரும், பதினொன்றரைக்கு முடியும். சனிக்கிழமையும் வேலை. எல்லாம் முடிந்து ஒரு ஞாயிறு கிடைத்தது. ஏற்கனவே பாதியில் விட்ட ஒரு பெரிய ஓப்பன் வேர்ல்டு கேமைத் திறந்தேன். எந்த பட்டன் எதுக்கு என்றே மறந்துபோச்சு. குதிரை மேல ஏறப் பார்த்து ஊர்க்காரனை வெட்டிட்டேன். மூடிட்டேன். லிஸ்டில் கீழே போய்க்கிட்டே இருந்தப்ப அந்தப் பச்சைத் தவளை கண்ணில் பட்டது. மூணு மணி நேரம்தானே என்று திறந்தேன்.

முதல் லெவலில் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஹாஸ்டலில் கவனிக்காத ஒன்றைக் கவனித்தேன். கை தானா பின்னாடி நடந்துக்கிட்டிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கணும். நம்மில் பல பேருக்கு, இல்லைன்னா நம்ம அண்ணன்மாருக்கு, சுடும் கேம் என்றால் முதலில் கான்ட்ரா. டிவியில் செருகுற கேசட், ‘இத்தனை ஆயிரம் கேம் ஒரே கேசட்டில்’ என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பது என்னமோ பத்துதான், அதில் கான்ட்ரா கண்டிப்பாக இருக்கும். கான்ட்ராவில் எந்தப் பக்கம் நடக்கிறீங்களோ அந்தப் பக்கம்தான் பார்ப்பீங்க, அந்தப் பக்கம்தான் சுடுவீங்க. எதிரி கிட்ட வந்தால் தப்பி ஓடணும், ஓடினால் முதுகைக் காட்டணும், முதுகைக் காட்டினால் சுட முடியாது. அந்தப் பதற்றம்தான் கான்ட்ரா.

கெரோ பிளாஸ்டரில் சுடும் பட்டனை அழுத்திப் பிடித்தால் தவளை பார்க்கும் திசை அப்படியே பூட்டிக்கொள்ளும். பட்டனை விடுகிற வரைக்கும் அது திரும்பாது. நீங்க பின்னாடி போகலாம், குதிக்கலாம், துப்பாக்கி மட்டும் எதிரியையே பார்த்துக்கிட்டிருக்கும். ஓடவும் செய்யலாம், சண்டையும் போடலாம். கேட்க அற்பமான விஷயம். ஆனால் இந்த ஒரே ஒரு முடிவால் கேம் முழுக்க மாறிடுது. முன்னாடி போறதா, பின்னாடி வர்றதா என்று ஒவ்வொரு நொடியும் நீங்கதான் முடிவு பண்றீங்க. எதிரிகளை எல்லாம் அதை நினைத்தே வைத்திருக்கிறார். ஒருத்தன் மெதுவா நெருங்குவான், இவன்கிட்ட பின்னாடி நடக்கணும். இன்னொருத்தன் மேலேயிருந்து எதையாவது போடுவான், இவனுக்குக் கீழே புகுந்து முன்னாடி போகணும். ரெண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் சோதனை.

இது ஐபோனுக்கும் வந்த கேம் என்று சொன்னேன் இல்லையா. தொடுதிரையில் சுடும் கேம் என்றாலே எனக்குப் பயம். கட்டைவிரல்தான் திரையில் பாதியை மறைக்கும். இதில் விரலை ஒரு பக்கம் தேய்த்து விட்டால் அந்தப் பக்கம் தானாகவே சுட்டுக்கிட்டிருக்கும். அதாவது கணினியில் பட்டனை அழுத்திப் பிடிக்கிற அதே வேலை. பட்டன் இருக்கிற கையையும் பட்டனே இல்லாத கண்ணாடியையும் ஒரே யோசனையில் சமாளித்திருக்கார். இதைச் சோம்பேறி என்று சொன்னேன் நான்.

அடுத்து சாவு. இந்த கேமில் நிறைய சாவீங்க, அதில் சந்தேகம் வேண்டாம். உயிர்கள் எல்லாம் தீர்ந்தால் லெவலின் தொடக்கத்துக்குத் திருப்பி அனுப்பிடும். ஆனால் பொறுக்கிய காசும், வாங்கிய ஆயுதமும் உங்ககிட்டயே இருக்கும். வழியில் கடை உண்டு. அங்கே துப்பாக்கியைப் பலப்படுத்தலாம், இன்னொரு இதயம் வாங்கி உடம்பைத் தேத்தலாம். இதில் என்ன நடக்குது பாருங்க. நல்லா விளையாடுறவன் சீக்கிரம் முடிச்சிட்டுப் போயிடுவான், கையில் காசு கம்மியா இருக்கும், அதனால் அவனுக்கு கேம் கஷ்டமாவே இருக்கும். என்னை மாதிரி ஆள் ஒரே லெவலில் நாலு தடவை சாவான், நாலு தடவையும் அதே வழியில் காசு பொறுக்குவான், சீட்டுப் பணம் சேர்ற மாதிரி சேர்ந்து, அஞ்சாவது தடவை ஒரு இதயம் கூடுதலாக வாங்கிட்டுப் போவான். ‘ஈஸியா, நார்மலா, ஹார்டா’ என்று உங்களை யாரும் ஆரம்பத்திலேயே கேட்கவில்லை. உங்க திறமைக்கு ஏத்த கஷ்டம் தானாக வந்து சேருது. தோற்றவனை அவமானப்படுத்தாமல் அடுத்த முயற்சிக்குக் கொஞ்சம் கைச்செலவுக்குக் கொடுத்து அனுப்புற கேம்.

குறையே இல்லையா என்றால், இருக்கு. ஆயுதங்கள் நாலைந்துதான், அதிலும் எனக்கு எல்லாம் சமமாகப் படவில்லை. நீர்க்குமிழி மாதிரி தரையில் குதித்துக் குதித்துப் போகும் ஒன்று இருக்கு. பள்ளத்தில் இருக்கிறவனைத் தேடிப்போய் அடிக்கும். அது கிடைத்த பிறகு மற்றதையெல்லாம் பாதி மறந்துட்டேன். வேண்டுமென்றே ஒரே இடத்தில் சுத்திச் சுத்திக் காசு சேர்த்துக் கேமைக் கெடுத்துக்கவும் முடியும். கேவ் ஸ்டோரியில் வருகிற மாதிரி மனசில் நிற்கும் கதாபாத்திரங்கள் இதில் இல்லை. அதை எதிர்பார்த்துப் போகாதீங்க.

ஆனால் கதை என்று ஒன்று இருக்கு. 2014-ல் நான் அதைத் தாண்டித் தாண்டிப் பட்டனை அழுத்திட்டே போனேன். இந்தத் தவளை வீரன் கிடையாது. சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஆள். ‘கேட் அண்ட் ஃப்ராக்’ என்று ஒரு கம்பெனி. அவர்களுடைய டெலிபோர்ட்டர்கள், அதாவது இங்கே நுழைந்தால் அங்கே போய் இறங்கும் கருவிகள், பழுதாகிக் கிடக்கு. ஏதோ கறுப்பாக, உருண்டையாக வந்து அடைச்சுக்கிட்டிருக்கு. முதலாளி கோபக்காரர். ‘போய் சரி பண்ணிட்டு வா.’ தவளை போகும், சுடும், சரி பண்ணும், ஆபீஸுக்குத் திரும்பும். அடுத்த இடத்துக்குப் போகச் சொல்வார்கள். போகும்.

அதாவது இது ஒரு சர்வீஸ் இன்ஜினியர் கதைங்க. டிக்கெட் வருது, போய் மூடிட்டு வர்றாரு, அடுத்த டிக்கெட். நான் மூணு மாசம் செய்த வேலையை ஒரு தவளை செய்துகிட்டிருந்தது. ஆபீஸில் தவளை முதலாளி முன்னாடி சும்மா நிற்கும். ஒரு பிக்சல்கூட அசையாது. அந்த நிற்பு எனக்கு நல்லாத் தெரியும்.

முடிவு என்ன ஆகுது, அந்தக் கறுப்பு உருண்டைகள் என்ன என்பதெல்லாம் சொல்ல மாட்டேன். மூணு மணி நேர கேமின் முடிவைச் சொல்லிட்டா அப்புறம் என்ன மிச்சம் இருக்கும்.

முடிச்சதுக்கு அப்புறம் இன்னொரு முறை திறக்கும். அதே தவளை, அதே ஊர், ஆனால் எதிரிகளை மாத்தி, வழியை மாத்தி, ரொம்பக் கடினமா. அந்த முறைக்குப் பேர் ‘சங்யோ’. அதைத் தாண்டி நான் 2014-ல் போகவே இல்லை, பேரையும் கண்டுக்கலை. இப்ப தேடினேன். ஜப்பானிய மொழியில் ஓவர்டைம். எழுதுகிற ரெண்டு எழுத்தைப் பிரித்தால் ஒன்று ‘மிச்சம்’, இன்னொன்று ‘வேலை’. மிச்ச வேலை.

வேலை பார்த்தே சாவது என்பதற்கு ‘கரோஷி’ என்று தனிச்சொல் வைத்திருக்கிற நாட்டில் இந்தப் பேர் வெறும் ஜோக் இல்லை. மாசத்துக்கு 45 மணி நேரம், வருஷத்துக்கு 360 மணி நேரம் என்று ஓவர்டைமுக்கு அங்கே தண்டனையோடு கூடிய சட்ட வரம்பு வந்ததே 2019 ஏப்ரலில்தான். அதிலும் நெருக்கடிக் காலத்துக்கு என்று விலக்கு உண்டு. கேம் வந்தது அதற்கு அஞ்சு வருஷம் முன்னாடி. அமாயா இதையெல்லாம் பிரசங்கம் பண்ணவில்லை. ‘கேம் முடிஞ்சுதா? இன்னும் விளையாடணுமா? அப்ப ஓவர்டைம் பார்’ என்று விளையாடுகிறவனையே ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார். நான் ஹாஸ்டலில் கேட்டது என்ன? இன்னும் கொஞ்ச நேரம் ஓடக்கூடாதா என்றுதானே. கேட்டது அங்கேயே இருந்திருக்கு.

இப்ப அந்த நண்பன் விஷயம்.

காலேஜ் முடிந்து ரெண்டு பேரும் வேலைக்குப் போனோம். அவன் வேற ஊர். ஆனால் நோட்டில் எழுதிய கேமை வார இறுதிகளில் ஆரம்பித்தோம். ஒரு தபால்காரர். சைக்கிளை விட்டு இறங்கி நடந்தே ஊர் ஊராகப் போவார், வழியில் நாய், மாடு, குடை பிடித்த பேய். துப்பாக்கிக்குப் பதிலாக முத்திரை குத்தும் கட்டை. அவன் வரைந்த தபால்காரர் நடந்தால் பை ஒரு பக்கமா ஆடும், அது அவ்வளவு அழகா இருக்கும். நான் போட்ட திட்டம்: எட்டு உலகம், ஒவ்வொன்றிலும் நாலு ஊர், பகல் இரவு, மழைக்காலம், கடிதங்களைப் பிரித்துப் படித்தால் ஒரு முடிவு, படிக்காவிட்டால் இன்னொரு முடிவு. கேவ் ஸ்டோரி மாதிரி.

ஒரு வருஷம் போன பிறகு எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு தெரு. அவன் ஒரு நாள் போன் பண்ணிச் சொன்னான். ‘மச்சான், இந்த ஒரு தெருவை மட்டும் முடிப்போம்டா. இருபது நிமிஷ கேம். பிங்க் அவர் மாதிரி.’

பிங்க் அவர் என்பது கெரோ பிளாஸ்டர் வருவதற்கு முன்னாடி அமாயா இலவசமாக விட்ட குட்டி கேம். அதே கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் கதை. ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். 2015-ல் பிங்க் ஹெவன் என்று இன்னொன்றும் விட்டார், அதுவும் இலவசம். கெரோ பிளாஸ்டர் எப்படி இருக்கும் என்று பார்க்கணுமா, காசு போடாமல் முதலில் இந்த ரெண்டையும் விளையாடிப் பாருங்க. கைக்குப் பிடித்தால் பெரியதை வாங்கலாம். 2017-ல் பிளேஸ்டேஷன் 4-க்கும், 2018-ல் ஸ்விட்சுக்கும் வந்திருக்கு.

அவன் கேட்டதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா. ‘இருபது நிமிஷ கேமை எவன்டா மதிப்பான். காலேஜ் ப்ராஜெக்ட் மாதிரி இருக்கும்.’ அவன் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் ரெண்டு ஊருக்குப் படம் அனுப்பினான். நான் கோடு போடலை, ஆபீஸில் வேலை. அவன் இன்னொரு ஊருக்கு அனுப்பினான். நான் அதையும் போடலை. 2018-க்கு அப்புறம் அவன் அனுப்பலை. சண்டை எதுவும் கிடையாது. பிறந்தநாளுக்கு வாழ்த்து போடுவோம். தபால்காரர் பத்தி மட்டும் ரெண்டு பேரும் பேசுறதே இல்லை.

இந்த ஞாயிறு கெரோ பிளாஸ்டரை விளையாடும்போது நான் எண்ணிக்கிட்டே இருந்தது, இதில் என்னவெல்லாம் இல்லை என்பதைத்தான். வரைபடம் இல்லை. திரும்பி வரணும் என்ற பாதை இல்லை. சேகரிக்கிற பொருள் பட்டியல் இல்லை. பத்து வகைப் பேச்சுத் தேர்வுகள் இல்லை. இது எல்லாமே அவருக்குச் செய்யத் தெரியும், கேவ் ஸ்டோரியில் பாதிக்கு மேல் செய்தும் காட்டியவர். தெரிந்தே விட்டிருக்கார். விட்ட இடத்தில் மிஞ்சிய நேரத்தை எங்கே போட்டார் என்பது அந்தத் தவளை பின்னாடி நடக்கிறதில் தெரியுது. ஒவ்வொரு எதிரியும் சரியான இடத்தில் நிற்பதில் தெரியுது. எங்க தபால்காரர் பை ஆடுகிற அளவுக்கு அழகா ஒருத்தன் செய்து கொடுத்திருந்தான். அதை வைத்து ஒரு தெருவை அந்த மாதிரி முடித்திருக்கலாம். நான் எட்டு உலகம் கேட்டேன்.

நேரம் இல்லாததால் கேம் நின்றுபோச்சு என்றுதான் இவ்வளவு நாள் எல்லாரிடமும் சொல்லிக்கிட்டிருந்தேன். இந்த நிகழ்ச்சியிலேயே ஒரு தடவை சொல்லியிருக்கேன், பழைய எபிசோடு கேட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அது பொய். ஒரு தெருவுக்கு நேரம் இருந்தது.

ஞாயிறு ராத்திரியே அவனுக்கு போன் பண்ணேன். எடுத்ததும், ‘என்னடா, யாருக்குக் கல்யாணம்?’ என்றான். கெரோ பிளாஸ்டர் விளையாடினேன் என்றேன். சிரித்தான். ‘எத்தனை மணி நேரம் ஆச்சு?’ என்றான். அதே குத்தல், பத்து வருஷமா பத்திரமா வெச்சிருந்திருக்கான். 2 மணி 40 நிமிஷம் என்றேன். அப்புறம் அந்த இருபது நிமிஷ விஷயத்தில் நான் பேசியது தப்புடா என்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அவன் குழந்தை பின்னாடி எதையோ தட்டிக்கிட்டிருந்தது.

‘ஃபைல் எல்லாம் பழைய லேப்டாப்ல இருக்கு. அது அப்பா வீட்ல இருக்கு. பேட்டரி செத்திருக்கும்,’ என்றான். கிடைத்தால் அனுப்புறியா என்று கேட்டேன். ‘பாக்குறேன்’ என்றான். அவன் ‘பாக்குறேன்’ என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு முன்னாடி தெரியும். இப்ப தெரியலை.

நான் ஓவர்டைம் முறையில் மூணாவது லெவலில் மாட்டிக்கிட்டு நிற்கிறேன். கைவசம் காசு நிறைய சேர்ந்திருக்கு, அந்த அளவுக்குச் செத்திருக்கேன். யாராவது அதைத் தாண்டியிருந்தா எந்த ஆயுதம் வைத்துத் தாண்டினீங்க என்று ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. நீர்க்குமிழி என்று மட்டும் சொல்லாதீங்க, அதை முயற்சி பண்ணியாச்சு. அடுத்த வாரம் பார்ப்போம்.